வேதக்காரத் தம்பியின் கை

கரவெட்டி
5 ஜனவரி 2025

மச்சான் நோர்மனுக்குச் சிவசுப்பிரமணியம் சொல்லி எழுதுவிப்பது.

மேலே வருசத்தை வினோஜா இலக்கத்தில் போட்டுவிட்டாள். என்னைக் கேட்டால், பெற்றோலுக்கு வரிசையில் நின்று காய்ந்தோமே, அதற்குப் பிறகு வந்த மூன்றாம் மாரி இது. தேங்காய் தட்டுப்பட்டு, வடமராட்சி முழுக்கச் சம்பல் இல்லாமல் இடியப்பம் தின்கிற மாரி. உன் முழங்கால் எப்படி? உங்கே பனி கொட்டுகிறதாம். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. கோபம் ஒன்றுதான் வருத்தம்.

முதலில் இதற்குப் பதில் சொல். ஏன் நீ போன் எடுக்கிறாய் இல்லை? என் தங்கச்சி இரத்தினம்மா இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாது. "அண்ணை, இந்தாங்கோ, உங்கடை மச்சானோடை கதையுங்கோ" என்று உன்னிடம் தருவாள். அவள் போய் இரண்டு வருசம். அதோடு உன் வாயும் போய்விட்டதா? மார்கழி முழுக்க வினோஜா அடித்துப் பார்த்தாள். உன் மகள் ஜொய்சி எடுத்து, "அப்பா படுத்திட்டார் மாமா" என்கிறாள். உங்கே அப்போது மத்தியானமாம். மத்தியானத்தில் படுக்கிற ஆளா நீ? பிறகு உன் கடதாசி வருகிறது: "சிவம், எழுது, எழுத்துத்தான் நிற்கும்." பள்ளிக்கூடப் படி மிதிக்காதவனைப் பார்த்து எழுது என்கிறாய். மருமகள் பாவம், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, உலையும் வைத்துவிட்டு, எனக்கும் எழுத வேண்டியிருக்கிறது.

(மாமா இதை எழுதச் சொன்னார். எனக்குச் சிரமம் இல்லை. - வினோஜா)

சரி, கேட்டதை எழுதுகிறேன். புதுவருசத்துக்கு விளையாட்டுக் கழகம் பாட்டுக் கோஷ்டி வைத்தது. நான் முன்னேரமே போய் முன்னுக்கு இருந்தேன். மேடையில் இரண்டு பெடியள், ஒரு கொம்பியூட்டர். மேளம், வயலின், புல்லாங்குழல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளே. சரி, பாடுகிறவனாவது பாடுவான் என்று பார்த்துக்கொண்டிருக்க, கரண்ட் நின்றது. சத்தம் எல்லாம் நின்றது. பெடியன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் வாயசைத்துக்கொண்டிருக்கிறான்! சனம் கை தட்டியது. நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்று. வாகீசன் அண்ணை இந்த ஆவணியோடு தவிலை இறக்கி வைக்கப் போகிறாராம். எங்கள் கோயில் பூங்காவனத் திருவிழாதான் கடைசிக் கச்சேரி. நீ வரவேண்டும். வராவிட்டால் நீயும் நானும் இத்தனை வருசம் கோயில் கோயிலாகத் திரிந்ததற்குப் பொருள் இல்லை.

இவ்வளவும் சொன்னது சிவசுப்பிரமணியம்.


ஸ்காபரோ
28 ஜனவரி 2025

அன்பின் மச்சான் சிவம்,

உன்னையும் உன் மகன் சுதாகரனையும் வினோஜாவையும் கர்த்தர் காப்பாராக. முழங்கால் படியில் மட்டும் நோகிறது. சமதரையில் நான் இன்னும் வாலிபன்தான்.

உன் கடதாசியை வாசித்துச் சிரித்த சிரிப்பில் ஜொய்சி ஓடிவந்து பார்த்தாள். அந்தப் பெடியன் எவ்வளவு நேரம் வாயசைத்தான்? பக்கத்தில் இருந்தவன் தட்டிச் சொன்னானா, அல்லது அவனே கண்ணைத் திறந்தானா? கண்ணைத் திறந்ததும் முகம் எப்படிப் போனது? இதையெல்லாம் விட்டுவிட்டாயே.

போனைப் பற்றி இனிக் கேட்காதே. போனில் கதைத்தால் வைத்தவுடன் போய்விடுகிறது. உன் கடதாசியை நான் தலையணைக்குக் கீழே வைத்து எடுத்து எடுத்து வாசிக்கிறேன். அடுத்த கச்சேரிக்குப் போனால் நன்றாகப் பார்த்து எழுது. அடிக்கிறவர் எந்தக் கையை முதலில் தூக்கினார், வேர்த்தாரா, சனம் எந்த இடத்தில் தலையாட்டியது.

ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பார்ப்போம்.

உன் மச்சான்
நோர்மன்


கரவெட்டி
19 பெப்ரவரி 2025

நோர்மன் மச்சானுக்கு,

முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சுடவைத்துப் பூசு. இங்கே நாங்கள் இருக்கிறோம். நான் இருந்தது ஒருநாள் இரவு பொலிஸ்காரரின் கூடாரத்தில்.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு பெரிய மைதானத்தில் இசை இரவு என்று வைத்தார்கள். இந்தியாவில் இருந்து பாட்டுக்காரராம். சுதாகரன் எனக்கும் சீட்டு எடுத்தான். வாசலில் கையில் ஒரு கடதாசிக் காப்பை ஒட்டினார்கள், மாட்டுக்குக் குறி சுடுகிறது மாதிரி. பச்சைக் காப்புக்குக் கதிரை, மஞ்சளுக்கு நிற்கலாம். நாங்கள் மஞ்சள். என் வயதைப் பார்த்து ஒரு பெடியன் "அப்பு, பச்சைக்கு மாத்திவிடவோ?" என்றான். "எனக்கு மணல் போதும், எங்கை மணல்?" என்றேன். மணல் இல்லை. தார்ப்பாய்.

மாலை தொடங்கும் என்றதை இருட்டித் தொடங்கினார்கள். குத்துவிளக்கு ஏற்ற வேண்டிய ஆள் வரவில்லையாம். தொடங்கினதும் சனம் முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தது. மேடையை நான் முன்னால் நின்ற பெடியனின் போனுக்குள்தான் பார்த்தேன். சத்தமோ, காதுக்குள் போகவில்லை, நேரே நெஞ்சில் குத்தியது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நடுவில் டிரம் அடிக்கிற பெடியனைத் தனியாக விட்டார்கள். அடித்தான் பார்! உருண்டு, நின்று, திரும்பி, ஓடி. எனக்குக் கை தானாக மடியைத் தேடிற்று. மடியில் சோடாப் போத்தல். உனக்குத் தெரியும்தானே, நான் கச்சேரிக்குச் சோடா இல்லாமல் போனது கிடையாது. எங்கள் குகதாசன் சைக்கிள் கரியரில் பெட்டியாகவே கட்டிவருவான். தனி முடிகிற நேரம் முன்னுக்கு எழும்பிப் போய்த் தவில்காரருக்குச் சோடா கொடுத்தால்தான் நாங்கள் கேட்டது கேட்டதாகும்.

நானும் போத்தலைத் தூக்கிக்கொண்டு மேடைக்குக் கிட்டப் போனேன். கறுப்புச் சட்டை போட்ட தடியன்கள் இரண்டு பேர் பாய்ந்து பிடித்தார்கள்.

"போத்தலைக் கீழை வையுங்கோ!"

"ஏன் தம்பி, இது அவருக்கு."

"ஆருக்கு?"

"அந்தா, அடிக்கிற பிள்ளைக்கு. களைச்சுப் போனார் பாவம்."

"எறியப் போறியளோ அவருக்கு?"

"எறியிறதோ? விசரே உனக்கு? குடிக்கக் குடுக்கப் போறன்!"

மற்றவன் சொல்கிறான், "போன மாதமும் உப்பிடித்தான், எறிஞ்சுபோட்டுத் தாகத்துக்குக் குடுத்தது எண்டு சொன்னவங்கள்."

கூடாரத்தில் இருத்திவிட்டார்கள். பொலிஸ்காரர் என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை தந்தார், அதைச் சொல்ல வேண்டும். சுதாகரன் வந்து கையெழுத்து வைத்து என்னை எடுத்தான். சோடாவைக் கறுப்புச் சட்டைக்காரன் குடித்தான்.

நீ இருந்திருந்தால் இங்கிலீசில் நாலு சொல் சொல்லியிருப்பாய். வாகீசன் அண்ணையின் கடைசிக் கச்சேரி என்று எழுதியதற்கு "பார்ப்போம்" என்று எழுதுகிறாய். எதைப் பார்ப்பது? விமானத்தில் ஏறு, வா.

சொன்னது சிவசுப்பிரமணியம்.

(மாமா சொன்ன ஒரு சொல்லை நான் எழுதவில்லை. - வினோஜா)


ஸ்காபரோ
15 மார்ச் 2025

அன்பின் சிவம்,

தேவன் உன்னைப் பொலிஸ்காரரிடம் இருந்தும் காத்தார். இங்கே பனி கரைகிறது. என் உடம்பு எப்போதும் போலத்தான்.

அந்தப் போத்தல் கதையைச் சபையில் எல்லோருக்கும் சொன்னேன். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டிரம்காரப் பெடியன் இரண்டு தடியும் ஒரே உயரத்தில் தூக்கினானா? தலையை ஆட்டினானா, தோளை ஆட்டினானா? அவன் முடிக்கும்போது யாரைப் பார்த்து முடித்தான்?

வருவதைப் பற்றி: முழங்கால் இருக்கிறது. விமானத்தில் அவ்வளவு நேரம் மடக்கிக்கொண்டு இருக்க ஏலாது. ஜொய்சிக்கு விடுமுறை கிடைக்குமா தெரியாது. கடவுச்சீட்டும் முடிகிறது.

உன் நோர்மன்


கரவெட்டி
14 ஏப்ரல் 2025

நோர்மனுக்கு,

இன்றைக்கு வருசப்பிறப்பு. கைவிசேசக் காசு வாங்க ஊர்ச் சின்னன்கள் எல்லாம் வந்துபோயின. உன் தலையிலும் மருத்துநீர் வைத்ததாக நினைத்துக்கொள். முழங்கால் குறைந்திருக்கும்.

உன் கடதாசியைக் கேட்டுவிட்டு எனக்குத் தலையிடிக்கிறது. நான் சத்தத்தைச் சொல்ல, நீ சட்டையைக் கேட்கிறாய். கையைக் கேட்கிறாய், தோளைக் கேட்கிறாய், வேர்வையைக் கேட்கிறாய். எப்படி அடித்தான், என்ன நடை, எங்கே விட்டு எங்கே பிடித்தான் என்று ஒருசொல் கேட்டாயா? மிளகாய் விற்று ஊரில் எல்லோரும் கைமணிக்கூடு கட்டின வருசம் உனக்கு நினைவில்லையா? நாங்கள் நாலு பேர், நீ, நான், குகதாசன், பேதுரு, சைக்கிளில் போய் முன்னுக்கு மணலில் இருந்தோம். எட்டுத் தவில். மற்ற ஏழும் ஓய்ந்து வாகீசன் அண்ணை தனியாக வாசிக்க, நீ மிசன் பள்ளிக்கூடத்தில் பாட்டுக்காரருக்குக் கையசைத்த பழக்கத்தில் உள்ளங்கையை விரித்துத் தாளம் போட்டாய். தொடையில் ஒருதரம்கூடத் தட்டாமல், காற்றில். அந்த மனுசன் கண்ணை மூடித் திறந்து உன் கையைப் பார்த்தார். பிறகு கடைசி வரை உன் கையையே பார்த்துத்தான் வாசித்தார். முடித்துவிட்டு, கிறிஸ்தவக் கோயில் கையசைப்பு என்று கண்டுபிடித்து, "உந்த வேதக்காரத் தம்பி ஆர்?" என்று கேட்டார். அன்றைக்கு நீ சத்தத்துக்குத்தான் தாளம் போட்டாய், சட்டைக்கு இல்லை.

சரி, உனக்கு நானே ஒரு வழி செய்துவிட்டேன். பங்குனி உத்தரத்துக்குக் கோயிலில் வாகீசன் அண்ணை கொஞ்ச நேரம் வாசித்தார். வினோஜா போனில் சத்தத்தைப் பிடித்து ஜொய்சியின் போனுக்கு அனுப்பிவிட்டாள். படம் இல்லை, சத்தம் மட்டும். கேட்டுவிட்டு எழுது. கேட்டால் முழங்கால் தானாக எழும்பும்.

சிவசுப்பிரமணியம்


ஸ்காபரோ
8 மே 2025

என் அன்பின் சிவம்,

உன் வீட்டில் சமாதானம் தங்கட்டும்.

ஜொய்சி வேலைக்குப் போகும்போது போனைத் தந்துவிட்டுப் போனாள். கேட்டேன் மச்சான். என்ன தனி! அந்த மனுசனுக்கு இந்த வயதிலும் அந்த விரல்! தொடங்கும்போது மெதுவாக, யாரையோ கூப்பிடுகிற மாதிரி. பிறகு மூன்றடித் திஸ்ர நடைக்குத் திரும்பினாரே, அந்த இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மிளகாய் வருசத்தில் வாசித்த அதே திருப்பம். கோர்வையை வைத்து முடித்தபோது நான் அறைக்குள் தனியாக எழும்பி நின்றேன். பக்கத்தில் இருந்து கேட்டது மாதிரி இருந்தது. இதற்குமேல் அங்கே வந்து என்ன கேட்கப் போகிறேன்? இது போதும். வினோஜாவுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

உன் நோர்மன்


கரவெட்டி
29 மே 2025

நோர்மனுக்கு,

எனக்குச் சுகம். உன் சுகத்தை நான் கேட்கவில்லை.

உன் கடதாசியை வினோஜா வாசித்தாள். "கண் நிறைந்துவிட்டது" என்ற இடத்தில் மடையன் எனக்கும் நிறைந்துவிட்டது. வேலியடியில் நின்ற ஆளைக்கூடக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். பிறகு சுதாகரன், "மாமா அவ்வளவு சொல்லுறார், நானும் ஒருக்காக் கேப்பம்" என்றான். வினோஜா போனில் போட்டாள்.

என்ன கேட்டது தெரியுமா? தவிலில் ஒரு அடி இல்லை. கோயில் ஒலிபெருக்கியில் குருக்களின் மருமகன்: "தேர் வரும் பாதையில் சிவப்பு நிற மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர் உடனடியாக அகற்றவும். மீண்டும் அறியத் தருகிறோம், சிவப்பு நிற மோட்டார் சைக்கிள்." பிறகு அன்னதானத்துக்கு அரிசி தந்தவர்களின் பெயர். பிறகு மறுபடியும் மோட்டார் சைக்கிள். முழுக்க அதுதான். வினோஜா அவசரத்தில் வேறொன்றை அனுப்பிவிட்டாள். பிள்ளை அழுதுவிட்டாள்.

அந்த மோட்டார் சைக்கிளில் எந்த இடத்தில் திஸ்ரம் வந்தது? சொல், கேட்போம்.

நீ அதைத் திறக்கவே இல்லை. என்ன திறக்கிறது, கிழவன் அனுப்பினது, நல்லது என்று நாலு வரி எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைத்தாய். நான் கேட்கிற ஒவ்வொரு கச்சேரியையும் உனக்காகக் கேட்டு, மறக்காமல் வந்து, மருமகளின் நேரத்தைப் பிடுங்கி எழுதுவிக்கிறேன். உனக்கு அது வேலையில்லாதவன் வேலை. எத்தனை தரம் கூப்பிட்டேன், வா, வா என்று. காதில் என்ன பஞ்சா வைத்திருக்கிறாய்?

இனி எழுத மாட்டேன்.

(மன்னியுங்கோ மாமா. பிழை என்னுடையது. இங்குள்ள மாமாவை நான் சமாளிக்கிறேன். - வினோஜா)


ஸ்காபரோ
2 ஜூலை 2025

சிவம்,

நீ சுகமாய் இரு. இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது.

பஞ்சு இல்லை மச்சான். காதே இல்லை. வலது போய்க் கனகாலம். இடது, இரத்தினம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் போனது. மெசின் ஒன்று வைத்தார்கள். அதில் ஆட்கள் கதைப்பது தகரத்தில் மழை பெய்கிற மாதிரி. பிறகு அதுவும் இல்லை. ஜொய்சி கொப்பியில் எழுதித்தான் என்னோடு கதைக்கிறாள். உனக்குச் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியது நான்.

நீ அனுப்பியதைத் திறந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு காதோடு வைத்துப் பிடித்தேன். கைக்குள் போன் நடுங்கிற்று. வாகீசன் அண்ணை என்று நினைத்தேன். மிச்சத்தை நானே வாசித்துக்கொண்டேன். நான் எழுதியது பொய்யில்லை சிவம். அந்தத் தனியைக் கேட்டேன். அது மிளகாய் வருசத்துத் தனி.

சொல்லியிருந்தால் நீ பாவம் பார்த்துச் சத்தத்தை எல்லாம் விட்டுவிட்டு எழுதியிருப்பாய். அல்லது எழுதாமலே விட்டிருப்பாய். எனக்கு இப்போது உன் கடதாசிதான் கச்சேரி. கையையும் தோளையும் கேட்டது அதற்குத்தான். கை தெரிந்தால் சத்தத்தை நான் போட்டுக்கொள்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இரத்தினம்மா கடைசியாக என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது. ஜொய்சி உள்ளே வந்து, "அம்மா என்ன சொன்னவ?" என்று கொப்பியில் எழுதிக் கேட்டாள். தண்ணீர் கேட்டாள் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது மச்சான்.

நோர்மன்


கரவெட்டி
24 ஜூலை 2025

(மாமா, உங்கள் கடிதத்தை இங்குள்ள மாமாவுக்கு வாசித்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே வெட்ட ஒன்றும் இல்லை, வெங்காயம் எல்லாம் கிண்டியாயிற்று. இன்றைக்குத்தான் "கொப்பியை எடு பிள்ளை" என்றார். - வினோஜா)

நோர்மன் மச்சானுக்கு,

சுகமாய் இருக்கிறாயா? என்னைச் சுகமாய் இருக்க நீ விட்டால்தானே.

உன்னை மாதிரி ஒரு ஆளை நான் காணவில்லை. ஊரில் காது கேளாதவன் என்ன, ஒருவனும் இல்லையா? கேளாது என்று ஒருசொல் எழுதினால் முடிகிற காரியத்துக்கு முழங்கால், விமானம், கடவுச்சீட்டு. நல்லெண்ணெய் பூசு என்று நான் எழுத, நீ உங்கே இருந்து சிரித்திருப்பாய். நீ போனை எடுக்கவில்லை என்று உன்னை ஏசின ஏச்சை எல்லாம் இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஏசினது ஏசினதுதான். திருப்பி எடுக்க மாட்டேன்.

தங்கச்சி தண்ணீர்தான் கேட்டிருப்பாள். சின்ன வயதில் இருந்தே அவளுக்கு அதுதான் பழக்கம். நித்திரையில் தட்டி எழுப்பி, "அண்ணை, தண்ணி" என்பாள். கிணற்றடி இருட்டு, தனியாகப் போகப் பயம். நீ ஜொய்சிக்குச் சரியாகத்தான் சொன்னாய். இதைப் பற்றி இனி எழுதாதே.

பூங்காவனத்துக்கு வா. கேளாவிட்டால் என்ன? நீ அன்றைக்குக் காதாலா தாளம் போட்டாய், கையால்தானே. தாளக்காரரின் கையைப் பார்த்துப் பிடி. பிழைத்தால் முழங்கையால் இடிக்கிறேன். அந்தக் காலத்திலும் நீ தூங்கி விழ நான்தான் இடித்தேன்.

சொன்னது சிவசுப்பிரமணியம்.


ஸ்காபரோ
5 ஓகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு ஜொய்சி,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். தபால் பிந்தும் என்று வினோஜா உங்கள் கடிதத்தைப் படமெடுத்துப் போனில் அனுப்பினா. நானும் இதை அப்படியே அனுப்புகிறேன். அன்றைக்கு நான் வீட்டில் இருந்திருந்தால் அந்த மோட்டார் சைக்கிளை அப்பாவுக்குச் சொல்லியிருப்பேன். மன்னியுங்கோ.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அப்பா என்னை விமான ரிக்கற் பார்க்கச் சொன்னார். நான் லீவும் எடுத்துவிட்டேன். அடுத்தநாள் கொப்பியில் எழுதி நீட்டினார்: "வேண்டாம். செவிடன் வந்து தாளம் போடுறான் எண்டு சனம் சிரிக்கும். அங்கை எல்லாரும் கேள்வி ஞானம் உள்ள ஆக்கள்." நான் என்ன எழுதிக் காட்டினாலும் தலையை ஆட்டுகிறார். கிழமை முடிவதற்குள் ரிக்கற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். அவர் வேறு யார் சொல்லியும் கேட்டதில்லை.

மருமகள்
ஜொய்சி


கரவெட்டி
8 ஓகஸ்ட் 2025

நோர்மனுக்கு,

இதையும் வினோஜா படமெடுத்து அனுப்புகிறாள். சுகம் விசாரிக்க நேரம் இல்லை. நீ இருக்கிறாய், நானும் இருக்கிறேன், அது போதும்.

ஜொய்சி எழுதியதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் ஏறித் தெல்லிப்பழைக்குப் போனேன். வாகீசன் அண்ணை அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். முற்றத்தில் இருந்து விரலுக்குக் கூடு செய்துகொண்டிருந்தார், துணியைச் சுற்றிப் பசை பூசி. கடைசிக் கச்சேரிக்காம்.

"அண்ணை, எங்கடை நோர்மன் வரமாட்டன் எண்டு நிக்கிறான்."

"ஆர்?"

"நோர்மன். தாளம் போடுற வேதக்காரத் தம்பி."

"சத்தமாச் சொல்லு."

சொன்னேன். மறுபடியும் சொன்னேன். அப்போது மகள் உள்ளேயிருந்து, "அப்பாக்குக் கேளாது, முன்னுக்கு வந்து வாயைக் காட்டிக் கதையுங்கோ" என்கிறாள். முன்னுக்குப் போய் இருந்து, அவனுக்கும் காது போய்விட்டது, அதுதான் வர வெட்கப்படுகிறான் என்று சொன்னேன். அண்ணை சிரித்தார் பார், பசைக் கிண்ணம் கவிழ்ந்தது.

"அறுவது வருசம் தவிலைக் காதுக்குக் கிட்ட வைச்சு அடிச்சவன் நான். என்ரை காது மட்டும் என்ன இரும்பே? இப்ப நாயனக்காரற்றை கன்னத்தைப் பாத்துத்தானே நான் வாசிக்கிறன். முந்தி எண்டால் முன்னுக்கு இருக்கிற சனத்தின்ரை கை இருக்கும். இப்ப பார், எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கினம். ஒருதற்றை கையும் சும்மா இல்லை. நான் எந்தக் கையைப் பாத்து முடிக்கிறது? அவற்றை காது எனக்கு என்னத்துக்கு? கையைக் கொண்டு வரச் சொல்லு."

இதைத்தான் சொன்னார். ஒரு சொல் நான் கூட்டவில்லை. என் ஞாபகம் எப்படி என்று உனக்குத் தெரியும்.

பிறகு பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சிரிப்பார்கள் என்கிறாயே, ஆர் சிரிப்பது? இப்போது முன்னுக்கு இருக்கிற சனத்துக்குத் தாளம் தெரியாது. போனைப் பிடிக்கத்தான் தெரியும். தெரிந்தவர்களை நான் விரலை மடக்கிப் பார்த்தேன். குகதாசன் சோடாப் பெட்டியோடு போனது கொழும்புக் கலவரம் நடந்த வருசம். பேதுரு வன்னியில், சண்டையின் கடைசி மாதம், எந்த இடம் என்றுகூடத் தெரியாது. அன்றைக்கு நாயனம் வாசித்த இரண்டு பேரும் போய்விட்டார்கள், ஒருவர் படுக்கையில், ஒருவர் கடலில். அந்தக் காலத்துத் தாளக்காரர், ஊர் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த அன்று வழியில் இருந்தவர் எழும்பவில்லை. மற்ற ஏழு தவிலும் ஓய்ந்தது ஓய்ந்ததுதான். என்னைக் கணக்கில் எடுக்காதே. எனக்கு அன்றைக்கும் தாளம் தெரியாது, உன் கையைப் பார்த்துத்தான் தலையாட்டினேன்.

உன் கை சரியோ பிழையோ என்று சொல்ல உலகத்தில் இனி ஒரு ஆள்தான் மிச்சம். வாகீசன் அண்ணை.